ஃபியூஸ் மேல் குற்றமில்லை: பழைய லாரியில் ஹோல்டர்கள் மாற்றிய அனுபவம்

சித்தப்பாவின் லாரிக்கு வயது இருபத்தெட்டு. எஞ்சின் இன்னும் கல்லு மாதிரி இருக்கிறது. ஹெட்லைட் மட்டும் மூன்று மாதமாகத் தகராறு. "குழியில ஏறி இறங்கினா லைட்டு கண்ணு சிமிட்டுதுடா. சில நேரம் மொத்தமா போயிடுது. எறங்கிப் போய் ஒரு தட்டு தட்டினா வந்துடும்" என்றார். எதைத் தட்டுகிறீர்கள் என்று கேட்டேன். பேட்டரிப் பெட்டிக்கு மேலே ஒயரோடு தொங்கிக்கொண்டிருந்த ஒரு கறுப்புக் குழாயைக் காட்டினார். கண்ணாடி ஃபியூஸ் உட்காரும் இன்லைன் ஹோல்டர்.

"உள்ள எத்தனை ஆம்பியர் கிடக்கு?"

"பதினஞ்சு போட்டா நிக்கல. இருபது போட்டேன், அதுவும் போச்சு. இப்ப முப்பது போட்டிருக்கேன், நிக்குது."

அந்த 'நிக்குது' என்ற சொல்தான் என்னைப் பயமுறுத்தியது. ராத்திரி ஓட்டுகிற வண்டி. நடுரோட்டில் விளக்கு அணைவது ஒரு ஆபத்து என்றால், 30 ஆம்பியர் ஃபியூஸுக்குப் பின்னால் ஓடும் பழைய 2.5 சதுர மி.மீ. ஒயர் அதைவிடப் பெரிய ஆபத்து. ஃபியூஸ் இருப்பது விளக்குக்காக இல்லை, ஒயருக்காக. ஒயர் கருகுவதற்கு முன்னால் ஃபியூஸ் உருக வேண்டும். ஒயர் தாங்குவதைவிடப் பெரிய ஃபியூஸைப் போட்டுவிட்டால், ஒயரே ஃபியூஸாகிவிடும். அது உருகுவது கேபினுக்குள், டேஷ்போர்டுக்குப் பின்னால், மற்ற ஒயர்களோடு சேர்த்துக் கட்டிய கட்டுக்குள்.

அன்றைக்கே வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

முதலில் பேட்டரி. இது 24 வோல்ட் வண்டி, 12 வோல்ட் பேட்டரி இரண்டு தொடராக. சேஸிஸுக்கு, அதாவது வண்டியின் இரும்புச் சட்டத்துக்குப் போகும் நெகட்டிவ் கேபிளை, எர்த் கேபிளைத்தான் முதலில் கழற்ற வேண்டும். பாசிட்டிவை முதலில் கழற்றப் போய் ஸ்பேனர் பாடியில் பட்டால் முழு பேட்டரியும் ஸ்பேனர் வழியாக ஷார்ட் ஆகும். எர்த் போன பிறகு ஸ்பேனர் பாடியில் பட்டாலும் பரவாயில்லை. திரும்ப மாட்டும்போது எர்த் கடைசி.

ஹோல்டரைத் திறக்க முடியவில்லை. மூடி பயோனெட் வகை, அழுத்தித் திருப்பினால் கழன்றுவர வேண்டும். அது உடம்போடு உருகி ஒட்டியிருந்தது. பிளேயரால் பிடித்து உடைத்தேன். உள்ளே பார்த்ததை விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த வேலை முழுவதற்கும் காரணம் அந்த ஒரு விரல் நீளக் குழாய்க்குள்தான் இருந்தது.

ஒரு பக்கத் தொப்பியில் பச்சைக் களிம்பு, அதன் மேல் வெள்ளைப் பொடி. பேட்டரி ஆவி பட்டுப் பட்டு ஏறியது. அடுத்த பக்கம் ஸ்பிரிங். புதிதில் அது வெள்ளியாக மின்னியிருக்கும். இப்போது நீலமும் பழுப்புமாக நிறம் மாறி, விரலால் அமுக்கினால் அமுங்கியபடியே கிடந்தது. எஃகு ஸ்பிரிங் சூடேறிச் சூடேறித் தன் விறைப்பை இழந்துவிட்டது. சித்தப்பா சேர்த்து வைத்திருந்த பழைய 15 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கண்ணாடிக்குள் கம்பி அறாமல் முழுசாக இருந்தது. மீட்டரில் வைத்தால் திறந்த சர்க்யூட். தொப்பிக்குள் கம்பியைப் பிடித்திருந்த ஈயப் பற்று உருகி விலகியிருக்கிறது. கண்ணால் பார்த்து 'ஃபியூஸ் நல்லாத்தான் இருக்கு' என்று திரும்ப மாட்டி மணிக்கணக்கில் வேறெங்கோ தேடுகிறவர்கள் உண்டு. கண்ணாடி ஃபியூஸைக் கண்ணை நம்பி முடிவு செய்யக் கூடாது.

இங்கே நடந்தது ஒரு சுழல். களிம்பு ஏறிய தொடுமுனையில் தடை கூடுகிறது. தடை கூடினால் சூடு. சூட்டில் ஸ்பிரிங் தளர்கிறது. தளர்ந்தால் பிடிப்பு குறைகிறது, தடை இன்னும் கூடுகிறது. ஃபியூஸ் என்பதே சூட்டில் உருகும் கம்பி. ஹோல்டர் பக்கவாட்டில் சூடேற்றிக்கொண்டிருக்க, 15 ஆம்பியர் ஃபியூஸ் அதில் பாதிக் கரண்டுக்கும் குறைவாக ஓடும்போதே விட்டுவிடுகிறது. 'பதினஞ்சு நிக்கல' என்பதற்கு அர்த்தம் கரண்ட் அதிகம் இழுக்கிறது என்பது இல்லை. ஹோல்டர் செத்துவிட்டது என்பது.

ஆனால் இதெல்லாம் உடைத்துப் பார்த்த பிறகு சொல்வது. உடைக்காமலே சொல்ல ஒரு வழி இருக்கிறது. மற்ற ஐந்து ஹோல்டர்களையும், இந்த லைனில் வேறு எங்கே இழப்பு என்பதையும் அப்படித்தான் பார்த்தேன். மல்டிமீட்டரின் பீப் ஒலியை இதற்கு நம்பக் கூடாது. பீப் சோதனையில் மீட்டர் அனுப்புவது சில மில்லி ஆம்பியர்தான். ஒயரில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் பீப் அடிக்கும். அந்த ஒரு இழையில் 6 ஆம்பியர் போகுமா என்பதை மீட்டர் கேட்பதில்லை. லோடு போட்டுத்தான் பார்க்க வேண்டும்: விளக்கு எரியட்டும், மீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை ஹோல்டருக்கு உள்ளே வரும் ஒயரிலும் இன்னொரு முனையை வெளியே போகும் ஒயரிலும் வைக்க வேண்டும். நல்ல ஹோல்டர் என்றால் ஃபியூஸையும் சேர்த்து 0.1 வோல்ட்டுக்குள் காட்டும்.

ஹெட்லைட் ஹோல்டரை உடைப்பதற்கு முன்பே அளந்து வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 27.4 வோல்ட். பல்பு சாக்கெட்டில் 23.9. வழியில் 3.5 வோல்ட் காணாமல் போகிறது. அதில் ஹோல்டர் மட்டும் 1.6. விளக்கின் எர்த் பக்கம் 0.9. டிம்முக்கும் பிரைட்டுக்கும் மாற்றும் டிப் சுவிட்சில் அரை வோல்ட், ஒயர் நீளத்தில் அரை வோல்ட்.

டிம் லைட்டில் 70 வாட் பல்பு இரண்டு. ஒயரைக் கவ்விக் கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டரில் 5.8 ஆம்பியர் காட்டியது. 1.6 வோல்ட்டை 5.8-ஆல் பெருக்கினால் 9 வாட்டுக்கு மேல். இண்டிகேட்டர் பல்பு 21 வாட். கிட்டத்தட்ட அதில் பாதிச் சூடு, காற்றே போகாத சின்ன பிளாஸ்டிக் குழாய்க்குள், ராத்திரி முழுக்க. மூடி உருகாமல் என்ன செய்யும்?

இழை பல்புகளுக்கு இன்னொரு கணக்கு உண்டு. வோல்ட் 10 விழுக்காடு குறைந்தால் வெளிச்சம் சுமார் 30 விழுக்காடு குறையும். சித்தப்பா கண்ணாடி மாற்ற வேண்டுமோ என்று யோசித்துக்கொண்டிருந்தார். கண்ணில் குறையில்லை.

மொத்தம் ஆறு ஹோல்டர்கள். ஹெட்லைட், ஹாரன், வைப்பர், கேபின் ஃபேன், பின்னால் லோடு இறக்கும்போது போடும் விளக்கு, பார்க்கிங் மற்றும் டெயில் லைட். அதில் இரண்டு வண்டியோடு வந்தவை, மற்றதெல்லாம் வெவ்வேறு கைகள் வெவ்வேறு காலத்தில் சேர்த்தவை. ஒன்றுக்கொன்று அளவும் வேறு. கண்ணாடி ஃபியூஸில் பரவலாகப் புழங்குவது 6.3 மி.மீ. விட்டமும் 32 மி.மீ. நீளமும் உள்ளது. அதே தடிமனில் நீளம் குறைந்த ரகமும் இருக்கிறது. டெயில் லைட் ஹோல்டரில் நீளம் குறைந்த ஃபியூஸைப் போட்டுவிட்டு, மிச்ச இடைவெளிக்கு ஒரு நட்டை உள்ளே போட்டிருந்தார்கள். ஹாரன் ஹோல்டரில் அதைவிட மோசம், அதைப் பிறகு சொல்கிறேன்.

எல்லாவற்றையும் பிளேடு ஃபியூஸுக்கு, அதாவது இரண்டு தட்டைத் தகடு நீட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் ஃபியூஸுக்கு மாற்றுவது என்று முடிவு செய்தேன். 1976-இல் லிட்டல்ஃபியூஸ் நிறுவனம் கொண்டுவந்த வடிவம் அது. கண்ணாடி ஃபியூஸை ஒரு ஸ்பிரிங் இரண்டு முனையிலும் தள்ளிப் பிடிக்கிறது. பிளேடின் இரண்டு தகட்டையும் தனித்தனி டெர்மினல் இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிறது. அதிர்வில் கவ்விய பிடி நிற்கும். நிறத்தைப் பார்த்தே ஆம்பியர் தெரியும்: 5 இளம்பழுப்பு, 7.5 பழுப்பு, 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 25 நிறமில்லாதது, 30 பச்சை. ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் எண்ணைத் தேட வேண்டாம். 32 வோல்ட் வரைக்கும் ஆனதால் 24 வோல்ட் வண்டிக்குப் பொருந்தும்.

ஒரே ஃபியூஸ் பாக்ஸாகப் போட்டுவிடலாமே என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் ஒவ்வொரு ஒயரையும் பாக்ஸ் வரை நீட்ட வேண்டும், ஒவ்வொன்றிலும் இரண்டு புது ஜாயின்ட் விழும். பழைய ஒயரிங்கில் ஜாயின்ட் எண்ணிக்கையைக் கூட்டுவது நாளைய கோளாறை இன்றே விதைப்பது. இருக்கிற இடத்திலேயே ஹோல்டரை மட்டும் மாற்றினால், அடுத்து இந்த வண்டியில் கைவைக்கிறவருக்கும் பழைய ஒயரிங் படம் செல்லும்.

முதலில் வாங்கியது ஒயரோடு வரும் ஹோல்டர். அட்டையில் 30 ஆம்பியர் என்று இருந்தது. கையில் பிடித்தால் ஒயர் தடிமனாகத்தான் தெரிந்தது. நம்பாமல் ஒன்றை வெட்டிப் பார்த்தேன். தடிமன் முழுக்க ரப்பர் உறை. உள்ளே செம்பு 1.3 சதுர மி.மீ. அளவுக்குத்தான் இருந்தது. இழைகளைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளை, அதாவது செம்பு பூசிய அலுமினியம். இதில் 30 ஆம்பியர் ஃபியூஸைப் போட்டால் எது முதலில் உருகும் என்று சொல்லத் தேவையில்லை. அவ்வளவையும் ஒதுக்கி வைத்துவிட்டேன். ஹோல்டர் வாங்குகிற யாராக இருந்தாலும் ஒன்றை வெட்டிப் பார்த்துவிடுங்கள். வெளித்தடிமன் எதையும் சொல்லாது.

அடுத்து எடுத்தது டெர்மினல் தனியாக, உடம்பு தனியாக வரும் மூடியுள்ள ஹோல்டர். ஒயரில் நேராக டெர்மினலைக் கிரிம்ப் செய்து, அதாவது கருவியால் அழுத்திக் கவ்வவைத்து, உடம்புக்குள் தள்ளினால் 'டிக்' என்று பூட்டிக்கொள்ளும். நடுவில் ஜாயின்டே இல்லை. ஒவ்வொரு ஒயருக்கும் ஒரு சின்ன ரப்பர் வளையம், தண்ணீர் உள்ளே போகாமல் இருக்க. மூடியிலும் ரப்பர் விளிம்பு. வாங்கியதும் ஒரு ஃபியூஸைச் செருகி இழுத்துப் பார்த்தேன். பிளேயர் இல்லாமல் எடுக்க விரல் வலித்தது. அந்தப் பிடிதான் வேண்டும்.

சோல்டர் வைப்பதா கிரிம்ப் செய்வதா என்ற கேள்விக்கு என் பதில் கிரிம்ப். சோல்டர் வைத்தால் ஈயம் இழைகளுக்கு ஊடே உறைக்கு உள்ளே வரை ஏறும். ஏறிய வரைக்கும் ஒயர் கம்பி மாதிரி விறைத்துவிடும். விறைப்பும் நெகிழ்வும் சேரும் இடத்தில், லாரியின் அதிர்வில், இழை இழையாக அறும். வெளியே உறை இருப்பதால் தெரியவும் தெரியாது. வீட்டு ரேடியோவுக்கு சோல்டர் சரி, சேஸிஸில் ஓடும் ஒயருக்கு வேண்டாம். கிரிம்ப் என்றால் கட்டிங் பிளேயரால் நசுக்குவதும் இல்லை. முழுசாக அழுந்தும் வரை விடாத ராட்செட் கருவி, டெர்மினலுக்கு ஏற்ற பல் வேண்டும். சரியான கிரிம்பில் முன் சிறகுகள் இரண்டும் சுருண்டு செம்பு இழைகளுக்குள் குத்தி இறங்கும். பின் சிறகுகள் உறையையும் ரப்பர் வளையத்தையும் கட்டிப்பிடிக்கும். முடித்ததும் ஒவ்வொன்றையும் பலமாக இழுத்துப் பார்க்க வேண்டும். கையில் வந்தால் அது ரோட்டில் வந்திருக்கும்.

முதல் டெர்மினலை அழகாகக் கிரிம்ப் செய்து முடித்த பிறகுதான் பார்த்தேன், ரப்பர் வளையம் மேஜை மேலேயே கிடக்கிறது. அதை முதலில் ஒயரில் கோர்த்துவிட்டுத்தான் டெர்மினலைத் தொட வேண்டும். வெட்டிவிட்டுத் திரும்பச் செய்தேன். பழைய ஒயரில் ஒவ்வொரு தவறும் ஒன்றரை சென்டிமீட்டர் நீளத்தைத் தின்னும். அதற்குப் பிறகு வளையங்களை எல்லாம் முதலிலேயே கோர்த்து வைத்துக்கொண்டேன்.

ஹெட்லைட் ஒயரை ஹோல்டரிலிருந்து வெட்டி உறையை உரித்தபோது செம்பு கறுப்பாக இருந்தது. கறுத்த செம்பில் கிரிம்ப் செய்யக் கூடாது, அந்தக் கறுப்பே தடை. இரண்டு சென்டிமீட்டர் வெட்டினேன், இன்னும் கறுப்பு. ஆறு சென்டிமீட்டரில் பளிச்சென்று சிவந்த செம்பு வந்தது. டெயில் லைட் ஒயரில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. பத்து, இருபது, நாற்பது சென்டிமீட்டர் என்று போனாலும் கறுப்புதான். ஹோல்டர் வழியாக இறங்கிய ஈரம் இழைகளுக்கு நடுவே ஊர்ந்து போயிருக்கிறது. உப்புத்தாளால் தேய்த்து ஒப்பேற்றாமல், கேபின் கனெக்டர் வரைக்கும் இரண்டு மீட்டர் ஒயரைப் புதிதாகவே போட்டேன்.

இனி ஃபியூஸ் அளவு. தொடர்ந்து ஓடும் கரண்ட், ஃபியூஸ் அளவில் 75 விழுக்காட்டைத் தாண்டாமல் இருப்பது நல்லது. ஒயர் தாங்கும் அளவு ஃபியூஸைவிட மேலே இருக்க வேண்டும், ஒட்டி இருந்தால் போதாது. காரணம், ஃபியூஸ் தன் எண்ணைத் தாண்டியதும் பட்டென்று போவதில்லை. பிளேடு ஃபியூஸில் இருமடங்கு கரண்ட் ஓடினால் 5 விநாடிக்குள் உருகிவிடும். ஆனால் 35 விழுக்காடு மட்டும் அதிகம் ஓடினால் பத்து நிமிடம் வரை தாங்கலாம். அதாவது 15 ஆம்பியர் ஃபியூஸ் 20 ஆம்பியரைப் பல நிமிடம் விட்டுக்கொண்டே இருக்கும். அந்த நிமிடங்களை ஒயர் தாங்க வேண்டும். 2.5 சதுர மி.மீ. ஒயருக்கு 15 போட்டேன். 1.5 ஒயர்களுக்கு 10 அல்லது அதற்குக் கீழே.

ஹெட்லைட்டில் மட்டும் ஒரு மாற்றம் செய்தேன். இரண்டு டிம் விளக்கும் ஒரே ஃபியூஸை நம்பி இருப்பது எனக்குப் பிடிக்கவே இல்லை. இடப்பக்க சாக்கெட்டில் ஷார்ட் ஆனால் வலப்பக்கமும் சேர்ந்து இருட்டாகும், அதுவும் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது. டிப் சுவிட்சைத் தாண்டி ஒயர் இடமும் வலமும் பிரியும் இடத்தில், டிம் கிளைகள் இரண்டுக்கும் தனித்தனி 7.5 ஆம்பியர் ஹோல்டர் வைத்தேன். பேட்டரிப் பக்கம் 15 அப்படியே இருக்கிறது, அது பிரதான ஒயருக்குக் காவல். ஒரு பக்கம் ஷார்ட் ஆனால் சின்னது முந்திக்கொண்டு உருகும், அடுத்த பக்க விளக்கு எரிந்துகொண்டிருக்கும். ஆறு ஹோல்டர் எட்டானது இப்படித்தான்.

ஹோல்டர் எங்கே இருக்க வேண்டும் என்பதில்தான் அதிக நேரம் யோசித்தேன். பேட்டரி ஆவிதான் பழைய ஹோல்டரைத் தின்றது. அப்படியானால் தூரத்தில் வைக்கலாம். ஆனால் பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவில் இருக்கும் ஒயருக்குக் காவலே கிடையாது. அது சேஸிஸில் உரசினால் தடுக்க எதுவும் இல்லை, பேட்டரியின் முழு பலமும் அந்த இடத்தில் இறங்கும். தூரம் கூடக்கூட அந்தக் காவலில்லாத நீளமும் கூடுகிறது. கடைசியில் பேட்டரிப் பெட்டியின் மூடிக்கு வெளியே, பக்கச் சுவரைத் தாண்டி, ஒயர் நீளத்தில் 30 சென்டிமீட்டருக்குள் ஒரு தகட்டை மடக்கி போல்ட் போட்டு அதில் மாட்டினேன். அந்த 30 சென்டிமீட்டருக்கும் நெளி குழாய் போட்டு, தகட்டின் ஓட்டையில் விளிம்பு ஒயரை அறுக்காதபடி ரப்பர் வளையம் (குரோமெட்) வைத்தேன். ஹோல்டரின் வாய் மேலே பார்த்தால் தண்ணீர் தேங்கும். அதனால் ஒயர்கள் கீழ்ப்பக்கமாக வெளியே வரும்படி நிறுத்தினேன். ஒயரும் நேராக மேலே போகாமல் முதலில் தொங்கி வளைந்து பிறகு ஏறுகிறது. ஒயர் வழியே வரும் மழைத்தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

வைப்பரும் கேபின் ஃபேனும் பெரிய கதை இல்லை. ஹோல்டர் டேஷ்போர்டுக்குப் பின்னால், ஈரமில்லாத இடம், செம்பும் பளிச்சென்று இருந்தது. இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. லோடு விளக்கும் அப்படியே.

ஹாரன்தான் பாக்கி. அந்த ஹோல்டரைத் திறந்ததும் ஃபியூஸ் முழுக்க வெள்ளித்தாள் சுற்றியிருந்தது. சிகரெட் பெட்டிக்குள் வருமே, அது. யார் எப்போது சுற்றினார்கள் என்று சித்தப்பாவுக்கும் தெரியவில்லை. அந்தத் தாள் இருந்த காலம் முழுக்க ஹாரன் ஒயருக்கு ஃபியூஸே இல்லை என்று அர்த்தம். புது ஹோல்டர் போட்டு, ஹாரன் இழுப்பது 5 ஆம்பியர்தான் என்பதால் 10 ஆம்பியர் ஃபியூஸ் போட்டேன். ஹாரன் அடித்தது. வண்டியை எடுத்து ஒரு சுற்று போய்விட்டு வந்தால் ஃபியூஸ் போயிருந்தது. இன்னொன்று போட்டேன், ஸ்டார்ட் செய்து எஞ்சின் குலுங்கியதும் அதுவும் போயிற்று.

இது ஹோல்டர் கோளாறு இல்லை. யாரோ வெள்ளித்தாள் சுற்றியதற்குக் காரணமே இந்த ஷார்ட்தான். வரும், போகும், வண்டி ஆடும்போது மட்டும் தொடும். இப்படிப்பட்ட ஷார்ட்டை ஃபியூஸ் போட்டுப் போட்டுத் தேடினால் பெட்டி ஃபியூஸ் தீர்ந்தாலும் கிடைக்காது. ஃபியூஸ் இடத்தில் ஒரு பல்பை வைக்க வேண்டும். 24 வோல்ட் 21 வாட் பல்பு, சாக்கெட்டோடு, இரண்டு ஒயரையும் ஃபியூஸ் டெர்மினல் இரண்டிலும் செருகினேன். ஹாரன் அடிக்காதபோது கரண்ட் போக வழியில்லை, பல்பு எரியாது. எங்காவது ஒயர் பாடியில் தொட்டால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். ஷார்ட் எவ்வளவு பலமாக இருந்தாலும் பல்பைத் தாண்டி 1 ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் ஓடும், எதுவும் கருகாது. கையில் இருக்கும் சோதனைக் கருவிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பல்புதான்.

பல்பை வைத்துவிட்டு ஒயர்க் கட்டை ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்குப் பிடித்து அசைத்துக்கொண்டே போனேன். சித்தப்பா பல்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். கேபின் முன்பக்கம் கவிழும் கீல் இருக்கிறதே, அங்கே வந்ததும் "எரியுதுடா! போச்சு. திரும்ப எரியுது!" என்று கத்தினார். ஒயர்க் கட்டைப் பிடிக்கும் கிளிப் எப்போதோ உடைந்து, கட்டு கீலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தது. கேபினைத் தூக்கி இறக்கும் ஒவ்வொரு முறையும் கீல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்திருக்கிறது. ஹாரனுக்குப் போகும் பாசிட்டிவ் ஒயரில் விரல் நகம் அளவுக்கு உறை போய்ச் செம்பு தெரிந்தது. கீலிலும் அதே இடத்தில் சின்னச் சின்னக் கருகல் புள்ளிகள். அதை ஒட்டிப் போன இன்னும் இரண்டு ஒயர்களின் உறை மென்மையாகிப் பளபளத்தது. அந்த வெள்ளித்தாள் இன்னும் சில மாதம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்து இருவரும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

தேய்ந்த இடத்தை வெட்டி, சூடுபட்டால் சுருங்கிப் பிடிக்கும், பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயோடு, முனைக்கு முனை சேர்க்கும் பட் ஜாயின்ட் போட்டேன். மென்மையான இரண்டு ஒயர்களிலும் அந்தத் துண்டை மாற்றினேன். புது கிளிப், நெளி குழாய், கீலிலிருந்து மூன்று விரல் இடைவெளி. கேபினை ஐந்து முறை தூக்கி இறக்கிப் பார்த்தோம், பல்பு எரியவில்லை. பிறகுதான் 10 ஆம்பியர் சிவப்பைச் செருகினேன்.

கடைசியாக விளக்கு எர்த். ரேடியேட்டர் சட்டத்தில் போல்ட் போட்ட இடம், பெயின்ட் மேலேயே வாஷர் உட்கார்ந்து சுற்றிலும் துரு. பளிச்சென்ற இரும்பு தெரியும்வரை தேய்த்து, புது ரிங் டெர்மினல், பல் வாஷர், மேலே கிரீஸ்.

மறுபடி அதே அளவுகள். பேட்டரியில் 27.4. பிரதான ஹோல்டரில் 0.05 வோல்ட், 7.5 கிளையில் 0.04. எர்த்தைத் தொடுவதற்கு முன் சாக்கெட்டில் 25.4 வந்தது, எர்த் முடிந்ததும் 26.2. ஒரு மணி நேரம் எரியவிட்டு ஹோல்டரைக் கையால் மூடிப் பிடித்தேன். பக்கத்துத் தகட்டின் சூடுதான், அதற்கு மேல் இல்லை. அன்று ராத்திரி சித்தப்பா சுவரில் ஹெட்லைட்டை அடித்துவிட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

ஒவ்வொரு ஹோல்டர் மூடியிலும் என்ன லைன், எத்தனை ஆம்பியர், புதிதில் எவ்வளவு வோல்ட் இழப்பு என்று பெயின்ட் பேனாவால் எழுதினேன். மாற்று ஃபியூஸ் ஒரு சின்ன டப்பாவில், 7.5-உம் 10-உம் 15-உம் மட்டும். 20-உம் 30-உம் வண்டியிலேயே இல்லை. சித்தப்பாவிடம் சொன்னது ஒன்றுதான்: "ரெண்டாவது தடவை அதே ஃபியூஸ் போச்சுன்னா, பெருசு தேடாதீங்க. லைனை ஆஃப் பண்ணிட்டு எனக்கு போன் போடுங்க."

ஆறு வாரம் கழித்து வண்டி வந்தபோது எட்டையும் லோடில் வைத்துத் திரும்ப அளந்தேன். ஏழில் எண் அப்படியே இருந்தது. வைப்பர் ஹோல்டரில் மட்டும் 0.04 இருந்தது 0.19 ஆகியிருந்தது. மூடியைத் திறந்தேன். களிம்பு இல்லை, சூட்டின் அடையாளமும் இல்லை. ஒரு ஒயரை லேசாக இழுத்தால் டெர்மினல் இரண்டு மில்லிமீட்டர் பின்னால் வந்தது. பூட்டு நாக்கு முழுசாக விழவில்லை. டேஷ்போர்டுக்குப் பின்னால் கை நுழையாத இடத்தில் வேலை செய்தபோது 'டிக்' கேட்டதாக நான் நினைத்திருக்கிறேன், இழுத்துப் பார்க்காமல் விட்டிருக்கிறேன். ஃபியூஸின் ஒரு தகடு பாதிக் கவ்வலில் நின்றிருக்கிறது. டெர்மினலை வெளியே எடுத்து, நாக்கைக் கொஞ்சம் நிமிர்த்தி, திரும்பத் தள்ளி, இந்த முறை இழுத்துப் பார்த்தேன். 0.04. மூடியில் எழுதியிருந்த எண்ணுக்குக் கீழே தேதியைச் சேர்த்தேன்.